குன்சும் கணவாயும் நான் குடிக்காத தண்ணீரும்

பதினெட்டு வருஷமாகத் தாம்பரம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர் நான். 'மழை மறைவுப் பிரதேசம்', 'குளிர் பாலைவனம்' என்று போர்டில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தேய்ந்ததே தவிர, எதையும் கண்ணால் பார்த்ததில்லை. ஏறிய பெரிய மலை ஊட்டி. 2007 காலாண்டு லீவில், இந்த வருஷம் போகலைன்னா இனி எப்பவும் இல்லை என்று வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். பொழிச்சலூர் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

டெல்லி வரை ரயில், அங்கிருந்து மணாலிக்குப் பதினான்கு மணி நேரம் பஸ். உடம்பு உயரத்துக்குப் பழக மணாலியில் இரண்டு ராத்திரி. ஸ்பிட்டி பள்ளத்தாக்கில் இருக்கும் காசாவுக்கு ஜீப் வாடகை 5,500 ரூபாய், தூரம் 200 கிலோமீட்டர். இருநூறுதானே, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்றார் வீட்டுக்காரர். டிரைவர் நோர்பு ஸ்பிட்டிக்காரர், நாற்பது வயசு இருக்கும். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டார்.

காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ரோத்தாங் கணவாய் வரை ஒரே மேகம், ஈரம், பச்சை. தாண்டி இறங்கிய அரை மணியில் பேருக்கு ஒரு மரம் கிடையாது. மேகமெல்லாம் எங்களுக்குப் பின்னால் மலையோடு நின்றுவிட்டது. முன்னால் பளிச்சென்று நீல வானமும் மொட்டைப் பாறையும்தான். பாடப் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் படம் நிஜமாக எதிரில் நிற்கிறது! கண் கலங்கிவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு ரோடு என்பது பேச்சுக்குத்தான். கல்லும், குறுக்கே ஓடும் ஓடையும்தான் வழி. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போனால் பெரிசு. மழைக்கால மேடவாக்கம் ரோட்டில் பழகிய முதுகு என்பதால் சமாளித்தேன். பக்கத்திலேயே சந்திரா நதி சாம்பல் நிறத்தில் ஓடிவந்தது.

பதினொன்றரைக்குத் தலைவலி ஆரம்பித்தது. பாத்தல் என்ற இடத்தில் சாப்பாடும் படுக்கையும் தரும் இரண்டு டாபாக்கள்தான் ஊரே. அங்கே ஒரு மணிக்கு இறங்கியதும் வாந்தி. நிற்க முடியவில்லை. ஸ்பிட்டிக்குள் நுழையும் குன்சும் கணவாய்க்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் இந்த நிலைமையில் மேலே ஏற்ற மாட்டேன், மணாலிக்குத் திரும்பலாம் என்று நோர்பு தீர்த்துச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரும் தலையாட்டினார். பதினெட்டு வருஷ ஆசையைப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கோட்டை விடுவதா? சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

நோர்பு பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தேன் என்று கேட்டார். மணாலியில் அரை டம்ளர். ஏன் என்றார். எப்படிச் சொல்வது? வீட்டுக்காரர்தான் அரைகுறை இந்தியில் விளக்கினார்: வழியில் பாத்ரூம் இருக்காது, அதனால் பயணம் என்றால் இவள் தண்ணீரே குடிக்க மாட்டாள், எங்கள் ஊரில் லேடீஸ் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

நோர்பு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "தீதி, இத்தனை மலையில உங்களுக்கு ஒரு பாறை கிடைக்காதா?"

காற்றில் ஈரமே இல்லாத இடம் என்று நானே போர்டில் எழுதியிருக்கிறேன். அங்கே மூச்சு விட்டாலே உடம்புத் தண்ணீர் வற்றும் என்பது மண்டையில் ஏறவில்லை பாருங்கள். சாயங்காலம் வரை இங்கேயே இருந்து பார்க்கலாம், அதற்குள் வலி குறையாவிட்டால் கீழே இறங்கிவிட வேண்டும் என்பது நோர்பு போட்ட நிபந்தனை. வெந்நீராகக் குடித்துத் தள்ளினேன். ஐந்து மணிக்கு வலி சுத்தமாக விட்டது. அங்கேயே தங்கினோம், படுக்கைக்கு ஆளுக்கு 100 ரூபாய்.

மறுநாள் காலை எட்டரைக்குக் குன்சும். கிட்டத்தட்ட பதினைந்தாயிரம் அடி. மேலே ஒரு சின்னக் கோயில். போகிற வண்டியெல்லாம் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டுமாம். லாரிகூடச் சுற்றுகிறது. நாங்களும் சுற்றி நிறுத்தினோம். எதிரே வரிசையாகப் பனிச் சிகரங்கள், கீழே பழுப்பும் ஊதாவுமாக மலை மடிப்புகள். அப்புறம் ஒரு பாறையைத் தேடிப் போனேன். வீட்டுக்காரர் சால்வையை விரித்துப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு காவல் நின்றார். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

போகிறவர்களுக்கு: ஜூன் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரைதான் பாதை நம்பகம். ஒரே நாளில் காசா என்று திட்டம் போடாதீர்கள். கிளம்பும் முன் டாக்டரைப் பாருங்கள். தலைவலி வந்தால் டிரைவரிடம் மறைக்காதீர்கள். தண்ணீர் ஒரு நாளைக்குத் தலைக்கு மூன்று லிட்டர், பெண்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஊர் திரும்பிய பிறகுதான் ஒன்று சுருக்கென்று தைத்தது. வருஷா வருஷம் ஸ்கூல் டூர் பஸ்ஸில், "நடுவழியில நிறுத்த முடியாது, யாரும் ரொம்பத் தண்ணி குடிக்காதீங்கடி" என்று சொல்வது நான்தான். டிசம்பரில் வேடந்தாங்கல் போனோம். இரண்டு இடத்தில் பாத்ரூமுக்கு நிறுத்துவோம், எல்லாரும் நன்றாகக் குடியுங்கள் என்றேன். பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்:

"நிஜமாவே குடிக்கலாமா மிஸ்?"