பஞ்சுக் குடோனில் எடுத்த சீட்டு

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் தலையணைக்குப் பஞ்சு வாங்கக் கடைக்குள் நுழைந்ததும், ராஜபாளையத்தில் எங்கள் ஜெபவீடாக இருந்து, பிறகு இடிக்கப்பட்ட பழைய பஞ்சுக் குடோனின் வாசனை அடித்தது. அங்கே வெள்ளிதோறும் பாய் விரித்து, தூசியில் தும்மலும் பாட்டுமாக உட்கார்ந்திருப்போம். அவரவர் வேண்டுதலைப் பெயர் போடாமல் சீட்டில் எழுதித் தகர டப்பாவில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு சீட்டை எடுத்துப்போய் ஒரு வாரம் அதற்காக ஜெபிக்க வேண்டும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் கிறிஸ்துமஸ் கவுனை என்னைக் கேட்காமல் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்ட அப்பாவோடு பதினோரு நாளாகப் பேசவில்லை. அன்று நான் எடுத்த சீட்டில் அப்பாவின் கையெழுத்து: 'என் மூத்த மகள் என்னோடு பேச வேண்டும்.'

"இது வேண்டாம்க்கா, வேற எடுக்கேன்" என்றேன், டப்பா வைத்திருந்த எஸ்தர் அக்காவிடம்.

"ஏட்டி, இதென்ன கல்யாணச் சேலையா, மாத்திக் கேக்க? வந்ததுக்கு ஜெபி" என்று சிரித்தார்.

மூன்று நாள் முழங்காலிட்டு, யாரோ ஒருத்திக்காகக் கேட்பதுபோல, "ஆண்டவரே, அவளைப் பேச வையும்" என்று கேட்டேன். நான்காம் நாள் "ஆண்டவரே, அவளை" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எழுந்துபோய், மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம், "தண்ணி எடுத்தாச்சாப்பா?" என்றேன்.

நிரம்பிய பாட்டில் அவர் பையில் தெரிந்தது.

"இல்ல தாயி, நீ கொண்டா" என்றார்.