அருளப்பு அண்ணை ஓட மறுத்த பவுசர்

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம், நான் வேலை செய்யும் கட்டடப் பொருள் கடை முற்றத்தில் குழாய் ஏற்றிய லொறி ஒன்றுக்குக் கயிறு இறுக்கிக்கொண்டு நின்றேன். அருளப்பு அண்ணையின் மனைவி ரெஜினா அக்கா கைபேசியில் அழைத்தார். “சிவா, அண்ணை போயிட்டார்” என்றார். ஒன்றரை வருடமாகச் சிறுநீரக நோயோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்த மனிதர். எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் கயிற்றை முடிந்துவிட்டு லொறிக்குப் பக்கத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டேன்.

கொழும்புத்துறை அருளப்பு அண்ணையை உங்களில் பலர் ஐஸ் லொறி ஓட்டுநராக அறிந்திருப்பீர்கள். எனக்கு அவரை அதற்கு முன்பே தெரியும். நாங்கள் இருவரும் ஒரே முதலாளியிடம் தண்ணீர்த் தாங்கி பூட்டிய பவுசர் லொறி ஓடினோம். நீர்வேலி ஊர்க் கிணறுகளில் நிரப்பி, நல்ல தண்ணீர் இல்லாத கரையோர ஊர்களுக்குக் கொண்டுபோவது வேலை. அவர் தாங்கியை முழுதாக நிரப்பித்தான் கிளம்புவார். ஓரிடத்தில் பாதியை இறக்க வேண்டி வந்தால், மிச்சத்தோடு சைக்கிள்காரர் முந்திப்போகிற வேகத்தில் வருவார். வாளிகளோடு காத்து நின்ற சனம் ஏசும். “ஏசட்டும். ஏசுறதுக்கு ஆக்கள் உயிரோடை இருக்கினம்தானே” என்பார்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. பவுசரைக் கழுவி நிறம் அடிக்கக் கொடுத்தபோது, தாங்கிக்குள் குறுக்கே நின்ற தடுப்புத் தகடுகள் கறள் பிடித்து அரித்துக் கிடந்தன. முதலாளி அவற்றை வெட்டி எறியச் சொன்னார். புதுத் தகடு போட ஒரு கிழமை எடுக்கும், சனம் தண்ணீருக்கு நிற்குது என்றார். அருளப்பு அண்ணை தாங்கியின் மேல் மூடியைத் திறந்து ரோச் லைட் அடித்துப் பார்த்தார். இறங்கி வந்து பவுசரை முடுக்கும் திறப்பை முதலாளியின் மேசையில் வைத்தார்.

“தகடு போட்டாப் பிறகு கூப்பிடுங்கோ, வாறன்” என்றார். போய்விட்டார்.

அடுத்த நாள் அந்தத் திறப்பை நான் எடுத்தேன். அவர் ஏன் வைத்தார் என்று கேட்கவில்லை. அவருக்கும் முதலாளிக்கும் ஏதோ கொழுவல் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் தாங்கி பாதி நிரம்பியபோது மின்சாரம் போனது. மோட்டர் நின்றது. கரையிலிருந்து முதலாளிக்கு அழைப்புக்கு மேல் அழைப்பு. “இருக்கிறதோடை போ” என்றார். போனேன். பிந்திவிட்டது என்று வேகமாகத்தான் போனேன். வாழைத் தோட்டங்களுக்கு நடுவே வலப்பக்கம் திரும்புகிற வளைவில், முன்னால் ஒரு உழவு இயந்திரம் திடீரென்று தெருவில் ஏறியது. பிரேக்கை அழுத்தினேன். பிடித்தது. அடுத்த கணம் பின்னாலிருந்து யாரோ வாகனத்தைத் தள்ளியது போல ஒரு இடி. பவுசர் இடப்பக்கம் சரிந்தது. பவுசருக்கு வழிவிட்டுத் தெரு ஓரத்தில் சைக்கிளோடு ஒதுங்கி நின்ற புஸ்பராணி என்ற பெண்ணின் மேல் விழுந்தது. அவர் தைத்த உடுப்புகளைக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தவர். நான் கை முறிந்து வெளியே ஊர்ந்து வந்தபோது அவருக்கு உயிர் இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

பிரேக் பிடிக்கவில்லை என்று பொலிசுக்குச் சொன்னேன்.

அருளப்பு அண்ணை ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நின்றபடியே கதைத்தார்.

“நான் அந்த இடத்தைப் போய்ப் பாத்தனான். ரோட்டிலை ரயர் அடையாளம் நீளத்துக்குக் கிடக்கு. பிரேக் பிடிச்சிருக்கு, சிவா.”

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அவர் தொடர்ந்தார்.

“உன்னைக் காட்டிக்குடுக்க வரேல்லை. திறப்பை வைச்சிட்டு வீட்டை போனன். உனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் ஓடாட்டில் போதும் எண்டு நினைச்சன். அது என்ரை பங்கு. அதை நான் விசாரணையிலை சொல்லுவன். உன்ரை பங்கை நீதான் சொல்லோணும்.”

திடீர் மரண விசாரணையில் அவர் சொன்னது போலவே செய்தார். அதிகாரி விளங்கவில்லை என்றதும், மேசையிலிருந்த தேநீர்த் தட்டத்தில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றினார். மேசை நெடுக இழுத்து, சட்டென்று நிறுத்தினார். தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் கடதாசிகளில் கொட்டியது. அதிகாரி கோபத்தோடு எழுந்துவிட்டார்.

“ஐயா, தட்டம் நிண்டிட்டுது. தண்ணி நிக்கேல்லை. முழுத் தாங்கியிலை அதுக்கு அசைய இடமில்லை. பாதியிலை ஓட இடமிருக்கு, மறிக்கத் தகடும் இல்லை. வளைவிலை வெளிப்பக்கம் ஏறும். பாரமெல்லாம் அங்கை போனால் மற்றப் பக்கச் சில்லு நிலத்தை விட்டிடும்.” பிறகு என்னைப் பார்த்தார். “ஆனால் வேகத்தைத் தண்ணி குடுக்கேல்லை.”

நான் எழுந்து, முன்பு சொன்னது பொய் என்றேன்.

என் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் போனது. ஒத்திவைத்த சிறைத்தண்டனை கிடைத்தது. முதலாளிக்குத் தண்டம். அதன் பிறகு தண்ணீர்ப் பவுசர் வைத்திருந்த எவரும் அருளப்பு அண்ணைக்கு வேலை கொடுக்கவில்லை. அதைப்பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் குறைப்பட்டதில்லை. விசாரணை முடிந்த கிழமையே புஸ்பராணியின் வீட்டுக்குப் போய், நடந்ததையெல்லாம் மகள் சுதாவிடம் சொல்லியிருக்கிறார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

வியாழக்கிழமை அருளப்பு அண்ணையை அடக்கம் செய்த சேமக்காலையில் சுதாவைக் கண்டேன். மண் போட்டு முடிந்து சனம் கலையும்போது நேரே என்னிடம் வந்தாள்.

“அண்ணை, அவருக்குத் தெரியாத ஒண்டை உங்களிட்டைக் கேக்கோணும். அம்மா கடைசியிலை ஏதும் சொன்னவவோ?”

அம்மா உன் பெயரைச் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாய்வரை வந்தது. அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும்.

“இல்லைப் பிள்ளை. ஒண்டும் சொல்லேல்லை. மூச்சு விடக் கஷ்டப்பட்டவ. நான் பக்கத்திலை கிடந்தனான். நான் வேகமா வந்ததாலைதான் அது நடந்தது.”

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “ஓம்” என்று மட்டும் சொல்லித் தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அருளப்பு அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது சுதாவுக்கு நான் சொன்ன அந்தப் பதில்தான். அதை நான் அவர் உயிரோடு இருக்கும்போதே, அவரோடு கூடப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.