ஒன்பது நாள் செவிடன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போன மாசம் ஒரு பனியன் ஆர்டர் கை நழுவி வங்கதேசத்துக்குப் போன கடுப்பில், டீக்கடையில் நின்று அந்த நாட்டையே வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த மருதாசலம் ஐயா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். என் நிட்டிங் ஷெட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர். எழுபத்தொன்பது வயது. விமானப்படையில் இருந்தவர் என்று தெரியும். மற்றபடி பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பார். எனக்குச் சுருக்கென்றது. பின்னாலேயே போனேன்.

"ஏனுங்க ஐயா, நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா?"

"அந்த ஊர்க்காரரு ஒருத்தரு இல்லீன்னா நான் இன்னிக்கு இல்லீங்க, அருளு," என்றார். அன்று அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

எழுபத்தொன்று டிசம்பர், பாகிஸ்தானோடு போர். வங்கதேசம் அப்போது கிழக்கு பாகிஸ்தான். மருதாசலம் குண்டுவீச்சு விமானத்தில் நேவிகேட்டர், பைலட்டுக்கு வழி சொல்கிற வேலை. டாக்காவுக்குப் பக்கத்தில் விமானம் அடிபட்டது. இருவரும் குதித்தார்கள், பைலட்டின் பாராசூட் விரியவில்லை. இவர் விழுந்தது நாராயண்கஞ்ச் ஓரத்தில் ஒரு வயலில். அதுவும் நம்மூர் மாதிரி பனியன் ஊர்.

இவரைப் பார்த்தவர் ஜப்பார் மியா, நாலு மெஷின் வைத்துப் பனியன் துணி ஓட்டுகிறவர். அவர் தம்பியை பாகிஸ்தான் ராணுவம் கூட்டிப்போய் எட்டு மாதம் ஆகியும் ஆள் திரும்பவில்லை. லுங்கி ஒன்றைக் கொடுத்து, சீருடையை அடுப்பில் போட்டார். வங்காளம் தெரியாதவன் வாயைத் திறந்தால் தொலைந்தான். அதனால், "இனி நீ செவிட்டு ஊமை" என்று ஹிந்தியில் கிசுகிசுத்தார். மெஷின் ஓட்டச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மருதாசலம் பனியன் கம்பெனிக்குள் தவழ்ந்து வளர்ந்தவர்.

பிடிபட்டால் இவருக்குச் சிறை. ஜப்பார் குடும்பத்தையோ சுட்டுத் தள்ளிவிடுவார்கள்.

"என்னைய நெனைச்சுப் பயமில்லீங்க. அவரோட மூணு பொண்ணுங்களும் முன்னால வெளையாடுறதப் பாக்கப் பாக்கத்தான் பயமுங்க," என்றார். தூக்கத்தில் தமிழில் உளறிவிடுவோமோ என்று வாயில் துணி கட்டிக்கொண்டு படுத்தாராம்.

மூன்றாம் நாள் மதியம் பாகிஸ்தான் ராணுவ ஹவில்தார் ஒருவன் சோதனைக்கு வந்தான். இவரிடம் பெயர் கேட்டான். "செவிட்டு ஊமை, ஹுசூர்" என்றார் ஜப்பார். ஹவில்தார் இவர் பின்னால் போய், துப்பாக்கிக் கட்டையால் ஒரு தகர டப்பாவை ஓங்கி அடித்தான். இவர் இமைக்கவில்லை. அவனும் வாசல் வரை போய்விட்டான்.

அப்போது இவர் முதுகுக்குப் பின்னால் இருந்த மெஷினில் ஊசி ஒடிந்தது. டிக், டிக், டிக். உடனே நிறுத்தாவிட்டால் துணி நெடுகக் கோடு விழும். அந்தச் சத்தத்துக்கு நம்மூர்க்காரன் சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் எழுந்துவிடுவான். மூளைக்கு முன்னால் கை போனது. சட்டென்று திரும்பி மெஷினை நிறுத்திவிட்டார்.

ஹவில்தார் நின்றான். "செவிடனுக்கு எப்படித் தெரிந்தது?"

ஜப்பார் சிரித்தார். எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ! "இவன் காலால் கேட்கிறவன், ஹுசூர். பூட்ஸைக் கழற்றிவிட்டு நில்லுங்கள், தரை அதிர்வது உங்களுக்கும் தெரியும்."

ஹவில்தார் இவருடைய வெறுங்காலைப் பார்த்தான். முழங்கால் பக்கம் வரை கயிறு கட்டிய தன் பூட்ஸைப் பார்த்தான். அதைக் கழற்ற அலுப்பு போல, துப்பிவிட்டுப் போய்விட்டான்.

ஜப்பார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மருதாசலத்துக்கு அதுதான் தாங்கவில்லை. இனித் தன் காதை நம்ப முடியாது என்று, மெஷின் அடியில் கிடந்த பஞ்சைத் திரட்டி, நூலுக்குப் போடும் மெழுகோடு பிசைந்து, இரண்டு காதிலும் இறுக அடைத்துக்கொண்டார். ஆறு நாள் எடுக்கவேயில்லை. யார் வருகிறார்கள், எங்கே குண்டு விழுகிறது, எதுவும் தெரியாது. வாசலில் நிழல் விழுந்தாலே உயிர் போய் உயிர் வரும்.

பதினாறாம் தேதி சாயங்காலம் ஜப்பார் ஓடிவந்தார். வாய் அசைகிறது, முகமெல்லாம் கண்ணீர். பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து இவர் பின்வாசலுக்குப் பாய்ந்தார். ஜப்பார் இவரைச் சுவரோடு பிடித்து நிறுத்தி, தன் விரலாலேயே பஞ்சைத் தோண்டி எடுத்தார். பாகிஸ்தான் ராணுவம் சரணடைந்துவிட்டதாம், தெருவே சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தது.

"'முடிஞ்சுது, இனிப் பேசு, பேசு'ன்னு அழுவறாருங்க," என்றார் மருதாசலம். "ஹிந்தி ஒரு வார்த்தை வல்லீங்க. தமிழ்லதான் வந்துது. 'அண்ணா'ன்னேன்."