விஜிதரன் சிரித்த பெட்டி

பத்மா ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். சிட்னியின் பிளாக்டவுனில் அவளைத் தெரிந்த எல்லோரும் இதை ஒப்புக்கொள்வார்கள், சிலர் பெருமூச்சோடு. கணவன் விஜிதரன் செத்த பிறகு, அவன் ஆசைப்பட்டு வாங்கிய, கட்டில் வைத்த கேம்பர்வானைத் தானே ஓட்டப் பழகினாள். இப்போது டிவி நிகழ்ச்சி பதியும் ரெக்கோடர் பெட்டி ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டு மெல்பேர்ன் போக நின்றாள்.

ரெக்கோடரில் இருந்தது ஒரு கிரிக்கெட் மாட்ச். சிட்னி மைதானத்தில் சனத்துக்கு நடுவே விஜிதரன் வாய்விட்டுச் சிரித்ததைக் கமரா பிடித்திருந்தது. கல்யாணப் படத்திலேயே முறைத்துக்கொண்டு நின்ற மனிதன் அவன். அந்தப் பதிவை வேறொன்றுக்கு மாற்றப் பெட்டி விடாது. டிவித் திரையைப் போனில் எடுத்தால் முகம் ஒரு புள்ளிதான். மெல்பேர்ன் கிளேட்டனில் இருக்கும் அவன் அண்ணன் சிறீஸ்கந்தராசாவுக்குச் சிறுநீரகம் பழுது. இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினை விட்டு நகர முடியாமல் தம்பியின் செத்தவீட்டுக்கே வராதவர். அவர் அந்தச் சிரிப்பைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும். உள்ளே சுழலும் டிஸ்க் வழியில் அடிபட்டால் போனது போனதுதான்.

புறப்படும் காலை தங்கை வதனி கண்ணூறு கழிய டயர்களுக்கு அடியில் தேசிக்காய் வைத்தாள். பிறகு ரிமோட்டால் பெட்டியை அணைத்துவிட்டுத் தூக்கப் போனாள். பத்மா அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"அது நித்திரைதான் கொள்ளுது. உள்ளுக்கை டிஸ்க் சுத்துது. பிளக்கைக் கழட்டி, கொதி ஆறினாப் பிறகுதான் கட்டலாம்."

"ராகுகாலம் தொடங்கப் போகுது அக்கா."

"தொடங்கட்டும்."

பெட்டி ஆறியது. மெத்தை ஸ்பொஞ்சை வெட்டி நிரப்பிய ஐஸ் கூலர் பெட்டிக்குள் அதைப் படுக்கவைத்து, வானின் கட்டிலோடு பட்டி போட்டு இறுக்கினாள். நட்ட நடு ராகுகாலத்தில் வான் தேசிக்காய்களை நசித்துக்கொண்டு கிளம்பியது. கூட ஏறிய வதனி கோல்பேர்ன் வரை முருகனைக் கூப்பிடுவதை விடவில்லை.

கண்டகாய் என்ற ஊர் தாண்டியதும் கங்காரு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பத்மா பிறேக்கை மிதித்தாள். சட்டி, பிளாஸ்க், மிக்சர் எல்லாம் முன்னுக்கு உருண்டு வந்தன.

"நான் சொன்னனான்தானே," என்றாள் வதனி.

பத்மா பின்னால் ஏறிக் கூலரில் கை வைத்தாள். அது அசையவில்லை. பட்டியை இன்னும் இறுக்கிவிட்டு மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இரவு அல்பரியில் வானுக்குள் படுத்து எழும்பி, மறுநாள் உறைகுளிரில் கிளேட்டன் சேர்ந்தார்கள்.

சிறீஸ்கந்தராசா சவரம் செய்து, சேர்ட் போட்டு, டிவிக்கு முன்னால் கதிரையில் காத்திருந்தார்.

"போடு பிள்ளை."

"பொறுங்கோ அத்தான். குளிருக்குள்ளால வந்த பெட்டி, உள்ளுக்கை ஈரம் பிடிக்கும். சூடு ஏறட்டும்."

தேத்தண்ணி ஆறிப்போனது. அவர் கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். பதறாத காரியம் சிதறாது என்று பத்மா பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். கடைசியில் பிளக்கைச் செருகினாள். பெட்டி மெல்ல இரைந்தது. விஜிதரன் சிரித்தான்.

"சின்னனில இப்பிடித்தான் சிரிப்பான்," என்று அண்ணன் அழுதார். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். மாலையில் அவள் வயரைக் கழட்ட வந்தபோது அவள் கையைப் பிடித்தார்.

"இதை இஞ்சை விட்டிட்டுப் போவன் பிள்ளை. எனக்கு இன்னும் எவ்வளவு நாளோ."

பத்மாவுக்கும் மிஞ்சியிருந்தது அந்தச் சிரிப்பு மட்டும்தான்.

"பெட்டியைத் தர மாட்டன் அத்தான்."

அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"வதனி பிளேனில போகட்டும். வான் உங்கட வாசலில நிக்கும். நீங்கள் பாத்து முடியுமட்டும் நானும் நிக்கிறன்."