"போட்டு வாறன்" என்றால் வருவாரா?

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் உள்ள என் கடையை இரண்டு நாள் பூட்டிவிட்டு, இன்று மனைவியின் தம்பியோடு அத்திலாந்திக் கரையோரமாகப் பழைய காலத்து பஸ்ஸில் சுற்றுலா போனேன்.

மத்தியானம் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் மச்சான் இறங்கினார். அங்கே மீன் ஃபக்டரியில் வேலை செய்யும் சிநேகிதன் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வழிகாட்டிப் பெண்ணிடம் மரியாதையாக, போய்விட்டு வருகிறேன் என்னும் நம்முடைய "போட்டு வாறன்" என்பதை அப்படியே நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டுப் போனார்.

பஸ் நகரவில்லை. கிழட்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லையாக்கும் என்று நானும் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் எல்லாரும் என்னை முறைக்கிறார்கள்.

"உங்கள் ஆள் திரும்பி வருவதாகச் சொன்னாரே!" என்றாள் அந்தப் பெண்.

காத்திருந்ததில், கடல்மேல் வளைந்து போகும் பாலத்துக்குப் போக நேரமில்லாமல் போயிற்று. அதைப் பார்க்கத்தானே ஒஸ்லோவிலிருந்து வந்தேன்! பழியும் என் தலையில்.

மச்சானுக்கு போன் போட்டுக் கத்தினேன்.

"அத்தான், வெளிக்கிடேக்கை 'போறன்' எண்டு ஆராவது சொல்லுவினமோ?"

புறப்படும்போது 'போகிறேன்' என்பது நமக்கு அபசகுனமாயிற்றே; நியாயம்தானே! கடைக்கு வரும் நம்மாட்கள் எல்லாரும் "போட்டு வாறன்" என்றுதான் போகிறார்கள். அதற்காக நான் இரவெல்லாம் கதவைத் திறந்து வைத்திருக்கிறேனா?

பிழை ஆரில் என்று நீங்களே கீழே கருத்தில் எழுதுங்கள். நான் போட்டு வாறன்.

ஒருவரும் காத்திருக்க வேண்டாம்.