ஓசை வராத டப்பா

விபூதி டப்பாவைக் கையில் எடுத்தால், திறக்கும் முன் காதருகே வைத்து ஒருமுறை குலுக்கிப் பார்ப்பேன். திருத்தணி மலைக் கடைகளில் விற்கும், மூடியில் வேல் போட்ட சின்ன வட்ட டப்பா. எனக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பக்தி இல்லை, பயம்.

பயத்துக்குக் காரணம் பாவா, அதாவது என் அக்காவின் கணவர். ரயில்வேயில் வேலை. அரக்கோணத்துக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பு நீலகிரியில் இருந்தவர். அங்கே யாரோ ஒரு மேலதிகாரியிடமிருந்து ஈத் தூண்டில் பைத்தியம் அவருக்குத் தொற்றிக்கொண்டது. முதன்முறை கேள்விப்பட்டபோது, ஈயைப் பிடிப்பதே பெரும்பாடு, அதை எப்படி முள்ளில் கட்டுவீர்கள் என்று நான் கேட்டுவைத்தேன். அது நிஜ ஈ இல்லையாம். கே.ஜி.கண்டிகை கறிக்கடையில் சேவலின் கழுத்து இறகை வாங்கி வந்து, முள்ளில் நூலால் சுற்றி, மலைக் குளிர்த் தண்ணீரில் வளரும் டிரவுட் மீன் ஏமாறும்படி அவரே செய்வார். செய்த ஈக்கள் பஞ்சோடு விபூதி டப்பாவில் அடங்கும்.

பாவாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஸ்டென்ட் வைக்க நாள் குறித்தார்கள். அதற்குள் ஒரே ஒரு நாள் ஊட்டிக்கு மேலிருக்கும் அணையில் தூண்டில் போட்டுவிட்டு வருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். டாக்டர் அரை மனதாகத் தலையாட்டினார். என்னைத் துணைக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் சரி என்றாள் அக்கா. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அதுவும் விபூதி டப்பாதான். எங்கள் வீட்டில் வேறு டப்பா ஏது?

"டேய், இது உன் ஜோபியிலயே இருக்கணும். வாயப் பொளந்துகினு வேடிக்க பாக்காத," என்றாள்.

ஊட்டி போய்ச் சேர்ந்த மறுநாள் காலை விடுதி மேசையிலிருந்து டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பெரிய பொறுப்பாளியாகக் கிளம்பினேன். ஜீப் எங்களை அணைக்கரையில் இறக்கிவிட்டு, மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போய்விட்டது. பாவா தொப்பியில் குத்தியிருந்த ஈயில் ஒன்றைக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். சும்மா இருக்க மாட்டாமல் டப்பாவைக் குலுக்கினேன். ஓசை வரவில்லை. திறந்தால், பஞ்சுக்குள் ஆறு ஈக்கள்.

போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சொன்னால் பயப்படுவார், பயந்தால் வலி வரும், வந்தால் மாத்திரை இல்லை. ஆகவே சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். என் அறிவு எப்போதுமே இப்படித்தான் வேலை செய்யும். அவர் இருமினால் எழுந்து நின்றேன். குனிந்தால் எழுந்து நின்றேன். கர்ச்சீப் எடுக்க நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனார், எனக்கு வியர்த்தது. மீன் கடித்தால் பதற்றப்படுவாரே, எதுவும் கடிக்கக் கூடாது முருகா என்று வேண்டிக்கொண்டேன். மீன் பிடிக்கப் போன இடத்தில் இப்படி வேண்டியவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கடித்தது. கோல் வில்லாக வளைந்தது. கால் மணி நேரம் போராடி, மீனைக் கரையோரம் கொண்டுவந்து, முள்ளைக் கழற்றி, "இன்னிக்குக் கிருத்திகை," என்று தண்ணீரிலேயே விட்டார். பிறகு பாறையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

ஓடிப்போய் அவர் காலடியில் விழாத குறையாக, "பாவா, மாத்திரைய ரூம்லயே வுட்டுட்டேன்," என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். கடகட. ஒன்றை நாக்குக்கு அடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் ரத்தம் திரும்பும்வரை நான் மூச்சு விட்டேனா என்பது நினைவில்லை.

"காலையிலயே பாத்தேன் மச்சான். நீ ஈ டப்பாவத் தூக்கிகினு போற," என்றார் பிறகு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா பேசிகினே இருந்திருப்ப. பேச்சு சத்தம் கேட்டா டிரவுட்டு வராது."

ஸ்டென்ட் வைத்து, பாவா இன்றும் கல்லுக்குண்டாக இருக்கிறார். போன வாரம் மலைப்படி ஏறும்போது நெஞ்சு கனத்தது எனக்குத்தான். நாளைக்கு ஆஞ்சியோ. அழைத்துப்போக இன்று பாவா வந்தார். வந்ததும் என் கையில் ஒரு விபூதி டப்பாவை வைத்தார். குலுக்கினேன். ஓசை இல்லை. உள்ளே பஞ்சில் ஒரு சிவப்பு இறகு ஈ.

கேட்பதற்கு என்னிடம் நூறு கேள்வி இருந்தது. வாயைத் திறந்தேன். பாவா தன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். கடகட.

"பேசாம வா மச்சான்," என்றார்.