அம்மன் இறங்காத மதியக் கொடை

எங்க வீட்டுக்காரர் ஊர் அம்மன் கோயில் சாமியாடி. கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு மேளம் ஏறினதும் அம்மன் இவர்மேல இறங்குவா. வேப்பிலையை உள்ளங்கையில பரப்பி, கங்கு நிறைஞ்ச தீச்சட்டியை ஏந்திக்கிட்டு ஊரைச் சுத்துவாரு. கையில ஒரு கொப்புளம் இருக்காது. மழை எப்ப, பருத்தி போடலாமான்னு கரிசக்காட்டு சனம் கேட்கும். இவர் வாயால அவ சொல்லுவா.

அவ கொடைக்கு மட்டும் வந்துட்டுப் போனவரைக்கும் எனக்கும் பெருமைதான். போன வருசம் மேளமும் இல்லாம கொட்டும் இல்லாம வர ஆரம்பிச்சா. உளுந்துக் காட்டுல நின்ன மனுசன் அப்படியே விறைச்சாரு. "ஏட்டி, அம்மா வாரா"ன்னாரு, அதுவும் சந்தோசமா. அடுத்த தடவை விளாத்திகுளம் ரோட்டுல, பைக்குல போகும்போது வந்தா. எதிர்க்க லாரி. ஓடைப்பள்ளத்துல விழுந்ததால பிழைச்சாரு. அன்னைக்குத்தான் எனக்கு அவகிட்டப் பயம் வந்தது.

கோவில்பட்டி டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்துல பிடிச்சு, காதுக்கு மேல ஒரு இடத்தைக் காட்டினாரு. "இங்க பழைய தழும்பு இருக்கும்மா. இது வலிப்பு. எல்லா வலிப்பும் கைகாலை இழுக்காது."

நான் விடுவேனா? "அப்ப அம்மன் வாரதும் இதுதானா டாக்டர்?"

அவர் ஸ்கேனைக் கீழ வச்சாரு. "காட்டுல வந்தது இது. கொடையில வாரது என்னன்னு எனக்குத் தெரியாது. மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க. தீகிட்ட விடாதீங்க."

மாத்திரை வேலை செஞ்சது. விறைப்பு நின்னுபோச்சு. கூடவே இவர் பேச்சும் நின்னுபோச்சு. கோயிலுக்குப் போவாரு, செத்த மூஞ்சியோட திரும்பி வருவாரு. "தலைக்குள்ள பூட்டிப் போட்ட வீடு மாதிரி இருக்குட்டி"ம்பாரு.

கொடைக்குக் காப்புக் கட்டினாங்க. காப்புக் கட்டிட்டா சாமியாடிக்குப் பாலும் பழமும்தான். மருந்து நாக்குல படக்கூடாது, காய்ச்சலே அடிச்சாலும். மழை பொய்ச்ச வருசம் வேற. "மாத்திரை போட்ட ஒடம்புல அம்மா எப்படி இறங்குவா?"ன்னு ஊரே கேட்டது. இவரும் தலையாட்டிட்டு மாத்திரை அட்டையைத் தூக்கிப் பரண்ல போட்டாரு. கொளுந்துவிடுற சட்டியோட இவர் குப்புற விழுற மாதிரியே எனக்குக் கண்ணுக்குள்ள நின்னது. மாத்திரையை எடுத்துப் பொடிச்சு, இவருக்குத் தெரியாம பனங்கற்கண்டு போட்டுப் பால்ல கலக்கிக் கொடுத்தேன். சாமி குத்தம்னா என் தலையில விடியட்டும், போ!

மதியக் கொடை. மேளம் போட்டுப் பொளக்குது. பொம்பளைங்க குலவை விட்டு விட்டுத் தொண்டை கட்டிப்போச்சு. இவர் மரமா நிக்காரு. சனம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தது. என் பக்கமும் திரும்பிப் பார்த்தது.

திடீர்னு ஒரு கத்துக் கத்தித் துள்ளினாரு. சட்டியைத் தூக்கினாரு. சனம் தரையில விழுந்து கும்பிட்டது. நான் விழலை. அம்மன் வந்திருந்தா இவருக்கு என்னை அடையாளம் தெரியாது. அன்னைக்கு அவர் கண்ணு கூட்டத்துல என்னைத் தேடிப் பிடிச்சது, பிடிச்சதும் விலகிச்சு. அய்யோ, உள்ள நிக்கிறது என் புருசன்! கத்த முடியுமா? வாயில முந்தானையை அடைச்சுக்கிட்டுப் பின்னாலயே போனேன். ஒரு தெரு விடலை, எல்லாத் தெருவும் சுத்தினாரு. "மழை வரும், விதைங்க"ன்னும் சொன்னாரு.

வீட்டுக்கு வந்து கையை விரிச்சாரு. வேப்பிலையோட சேர்ந்து உள்ளங்கைத் தோலும் உரிஞ்சு வந்தது.

"சட்டியை எறக்கி வச்சிருக்கலாம்லா? ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"வச்சா ஊருக்குத் தெரிஞ்சிரும்லா, அவ எங்கிட்ட இல்லன்னு."

நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதேன். வெளிய தெருவுல விதைப்புக்கு டிராக்டர் வாடகை பேசிக்கிட்டிருந்தாங்க.

அவரால கையை மடக்க முடியலை. மாத்திரையை அட்டையிலருந்து பிதுக்கி, அவர் பார்க்கவே வாய்கிட்டக் கொண்டுபோனேன். "வாயத் திறங்க. அவ வராட்டாப் போறா. நீங்க இருக்கணும்லா."

என்னையே பார்த்தாரு. "இருந்து?"ன்னாரு.